கல்லுக்குத் தண்ணீர்

சீசன் என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் எனக்கு முதலில் இடுப்பு வலிக்கும், அப்புறம்தான் அருவி ஞாபகத்துக்கு வரும். ரயிலில் எதிரே உட்காருகிறவர்கள் பேச்சுக் கொடுப்பார்கள். நான் தென்காசியில் வாழ்ந்தவள் என்று தெரிந்ததும், அப்படியானால் தினமும் குற்றாலக் குளியல்தான், கொடுத்து வைத்தவர் என்பார்கள். நான் சிரித்துவைப்பேன். கொடுத்து வைத்தவர்கள் எல்லாரும் எங்கள் வீட்டுக்கு வந்து, குளித்து, சாப்பிட்டு, படுத்தெழுந்து போனார்கள். நான் அவர்களுக்கு இட்லி அவித்துக்கொண்டிருந்தேன். இதையெல்லாம் ரயிலில் சொல்ல முடியுமா?

எனக்குப் பிறந்த ஊர் தூத்துக்குடி. எழுபதுகளின் நடுவில் என்னைத் தென்காசியில் கட்டிக்கொடுத்தார்கள். கோயில் கோபுரம் அப்போது இடிந்து பிளந்துதான் நின்றது. அதற்குத் தெற்கே ஒரு தெருவில் வீடு. குற்றாலம் பஸ் நிற்கிற இடம் கூப்பிடு தூரம். அதுதான் வினை. ஆனி பிறந்து, மேற்கே மலை மேகத்தில் மறைந்து, சாரல் விழ ஆரம்பித்ததும் எங்கள் வீட்டுக்காரருடைய சொந்தம் பூராவும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து இறங்கும். சொல்லிக்கொண்டு வருகிற பழக்கம் யாருக்கும் இல்லை. வாசலில் குதிரை வண்டி நிற்கிற சத்தம் கேட்டால் நான் உலையில் இன்னும் இரண்டு ஆழாக்கு அரிசி போடுவேன். யார் வந்திருக்கிறார்கள் என்று அப்புறம் போய்ப் பார்ப்பேன்.

சாரல் என்பது பார்க்க வருகிறவர்களுக்கு அழகு. அந்த ஊரில் துணி துவைத்துப் பார்த்தால் தெரியும். வெயில் வராது. பட்டாசலில், அதாவது வீட்டின் முன்கூடத்தில், குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு கட்டி ஈரத்துணியைத் தொங்கவிட்டிருப்போம். குனிந்து குனிந்துதான் நடக்க வேண்டும். வீடு முழுக்க நமத்துப்போன ஒரு நாற்றம். குளிருக்கு இட்லி மாவு பொங்காது. மாவுச்சட்டிக்குக் கம்பளி சுற்றி அடுப்போரமாக வைத்துப் பிள்ளையைப் பார்ப்பது மாதிரி பார்க்க வேண்டும். அருவியில் நின்றுவிட்டு வருகிறவர்களுடைய பசி சாதாரணப் பசி இல்லை. இலையில் விழுந்தது எங்கே போயிற்று என்றே தெரியாது. முதல் கூட்டம் சாப்பிட்டு எழுந்து அடுத்த குளியலுக்குப் போகும்போது இரண்டாவது கூட்டம் குளித்துவிட்டு வரும்.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. அருவிக்குப் போகிறவர்கள் திரும்பி வரும்போது ஒரு செம்பில் அருவித் தண்ணீர் பிடித்துவருவார்கள். மலையிலுள்ள மூலிகையை எல்லாம் தொட்டுக்கொண்டு இறங்குகிற தண்ணீர் என்று அதற்கு அவ்வளவு மரியாதை. குளிக்க வராமல் வீட்டில் இருந்தவர்கள் தலையில் அதை விரலால் தொட்டு மூன்று தரம் தெளிப்பார்கள். தெளித்தால் குளித்த கணக்கு. படுக்கையில் கிடந்தவர்களுக்காகவும் பிள்ளை பெற்றவர்களுக்காகவும் என்றைக்கோ ஏற்பட்டதாக இருக்கும். நான் அந்த வீட்டுக்கு வந்த பிறகு அது எனக்கென்று ஆகிவிட்டது. தோசையைத் திருப்பிக்கொண்டிருப்பேன், பின்னாலிருந்து ஜில்லென்று மூன்று சொட்டு உச்சியில் விழும். "ஒனக்கும் ஆச்சு" என்று சொல்லிவிட்டு மதினி போய்விடுவாள்.

மதினி என்பது எங்கள் வீட்டுக்காரருக்கு மூத்தவள், என் நாத்தனார். மெட்ராஸில் இருந்தாள். பிள்ளைகள் வளர்ந்து வேலைக்குப் போய்விட்டார்கள். ஆனி முதல் வாரத்தில் வந்தால் ஆடி முடிந்துதான் கிளம்புவாள். பெரிய உடம்பு, பெரிய குரல். தினம் இரண்டு வேளை அருவியில் நிற்காவிட்டால் அவளுக்கு இருப்புக் கொள்ளாது. வருகிறவர்களை எல்லாம் வா வா என்று கூப்பிட்டு உட்காரவைப்பதும் அவள்தான். ஆக்கிப் போடுவது நான். கெட்டவள் இல்லை. அதுதான் கஷ்டம். கெட்டவளாக இருந்தால் சண்டை போட்டுவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

இந்த வீட்டுக்குள் ஒரு கடல் ஜீவன் வந்து சேர்ந்தது என் தம்பியால். அவன் தூத்துக்குடியில், கடலைப் பற்றிப் படிக்கிறவர்களுக்குப் படகும் சாமான்களும் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தான். அந்தக் காலத்தில் தீவுகளைச் சுற்றியிருந்த பவளப்பாறையை உடைத்துச் சுண்ணாம்பு சுடுவதற்குப் படகு படகாகக் கரைக்குக் கொண்டுவருவார்கள். ஒரு தை மாதம் அம்மா வீட்டுக்குப் போயிருந்தபோது அவனோடு கடற்கரைக்குப் போனேன். குவித்துப் போட்டிருந்த கல்லில் ஒரு துண்டை அவன் பொறுக்கி வாளித் தண்ணீரில் போட்டான். தேங்காய் மூடி அளவு இருக்கும். தேன் நிறம். மேலே வரி வரியாக மேடும் பள்ளமும். கல் இல்லை அக்கா, உயிர் இருக்கிறது, பார்த்துக்கொண்டே இரு என்றான். சாயங்காலம் விளக்கை அணைத்ததும் அந்தப் பள்ளங்களிலிருந்து நூல் மாதிரி சின்னச் சின்ன விரல்கள் நீட்டிக்கொண்டு வந்தன. நான் அதை விட்டு நகரவில்லை. இதை எனக்குக் கொடு என்று கேட்டேன்.

கல்யாணமான பிறகு நான் யாரிடமும் எதையும் எனக்கென்று கேட்டதில்லை. என் சீர்ப்பாயில்கூட யார் யாரோதான் படுத்தார்கள். தம்பி இரும்புச் சட்டம் வைத்து ஒரு கண்ணாடித் தொட்டி செய்துகொடுத்தான். காற்றடிக்கிற சின்ன மோட்டார் ஒன்றும் வாங்கிக்கொடுத்தான். கடல் தண்ணீரைப் பால் கேனில் நிரப்பி ரயிலேற்றினோம். வழி முழுக்க வாளியை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். எங்கள் வீட்டுக்காரர் ஸ்டேஷனுக்கு வந்தவர், "கல்லுக்கா இம்புட்டு பாடு?" என்று கேட்டார். அவர் கூட்டுறவு பாங்கில் குமாஸ்தா. எதற்கும் அதிகம் பேச மாட்டார், எதையும் தடுக்கவும் மாட்டார். அன்றிலிருந்து வீட்டில் அதற்குப் பெயர் கல்லுதான்.

பட்டாசலில் கிழக்குச் சன்னலோரம் தொட்டியை வைத்தேன். காலை வெயில் சாய்வாக விழும். மத்தியானம் வேலை ஓய்ந்ததும் பக்கத்தில் ஒரு பலகையைப் போட்டு உட்காருவேன். மூக்கைக் கிட்டே கொண்டுபோனால் லேசாகக் கடல் வாசம் வரும். மலையடி ஊரில், தவிட்டு வாசமும் ஈரமண் வாசமுமாக இருக்கிற வீட்டில், அந்த ஒரு சாண் இடம் மட்டும் என் ஊர். அதுபோதும் என்று இருந்தது.

தண்ணீர் குறைந்தால் ஊற்று என்று தம்பி சொல்லியிருந்தான். பங்குனியில் வெயில் ஏற ஏறத் தண்ணீர் இறங்கியது. கடல் ஜீவனுக்குக் கடல் தண்ணீர்தானே ஊற்ற வேண்டும்? தூத்துக்குடியிலிருந்து வரும் பஸ்ஸில் கண்டக்டரிடம் சொல்லி தம்பி கேன் கேனாகக் கொடுத்துவிடுவான், தண்ணீர் மாற்றுவதற்கென்று. நான் அதை வைத்துத்தான் குறைந்ததையும் நிரப்பினேன். ஒரு நாள் தவறவில்லை. நெய் ஊற்றுவதுபோல் பார்த்துப் பார்த்து ஊற்றினேன். குழாய்த் தண்ணீரில் நகராட்சிக்காரர்கள் பிளீச்சிங் பவுடர் போடுகிறார்கள், கிணற்றுத் தண்ணீரோ சவர், இரண்டையும் அதன் பக்கம் விடவே மாட்டேன்.

வைகாசியில் கல்லின் நிறம் இறங்க ஆரம்பித்தது. தேன் நிறம் போய் வைக்கோல் நிறம் வந்தது. வெயிலுக்காக இருக்கும் என்று சன்னலில் ஈரச்சாக்கு கட்டினேன். ஆனி பிறந்து முதல் சாரல் விழுந்த வாரம் அது முழுக்க வெளுத்துவிட்டது. சுண்ணாம்புக் காளவாயில் போடுகிற கல் எப்படியிருக்குமோ அப்படி. சாயங்காலம் விரல் நீட்டுவதும் நின்றுவிட்டது. பஸ் கண்டக்டரிடம் தம்பிக்குச் சொல்லியனுப்பினேன். அவன் கடலுக்குப் போயிருக்கிறான், வந்ததும் சொல்கிறோம் என்று பதில் வந்தது. அன்றைக்கு மத்தியானமே வாசலில் குதிரை வண்டி வந்து நின்றது.

அந்தத் தடவை கூட்டம் அதிகம். பட்டாசலில் படுத்தவர்களுக்கு மோட்டார் சத்தத்தில் தூக்கம் வரவில்லையாம். யாரோ பிடுங்கிவிடுவார்கள், நான் எழுந்துபோய் மாட்டுவேன். தொட்டிச் சட்டத்தில் ஈரத்துண்டைக் காயப்போடுவார்கள், நான் எடுத்துப்போடுவேன். செத்துப்போன கல்லுக்கு எதற்குக் கரண்ட் என்று ஒருவர் கேட்டார். அவருக்கு இலையில் இன்னொரு கரண்டி சாம்பார் ஊற்றிவிட்டு உள்ளே போனேன். செத்துத்தான் போய்விட்டதோ என்று எனக்கும் பயம். அந்தப் பயத்தோடு நூறு இட்லி அவிக்க முடியும் என்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

ஒரு நாள் காலை மதினி அருவியிலிருந்து வந்தாள். நான் சட்னி அரைத்துக்கொண்டிருந்தேன். என் தலையில் மூன்று சொட்டு தெளித்துவிட்டு செம்போடு பட்டாசலுக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. கையைக் கழுவாமல் ஓடினேன். மதினி தொட்டிக்கு மேல் செம்பைக் கவிழ்த்துப் பிடித்திருந்தாள். பக்கத்தில் இன்னொரு செம்பும் காலியாகக் கிடந்தது. பாவம், வெளுத்துப்போய்க் கிடக்கிறதே, மூலிகைத் தண்ணீர் பட்டாலாவது தேறும் என்று ஊற்றினாளாம். முகத்தில் அப்படியொரு திருப்தி.

நல்ல தண்ணீர் பட்டால் கடலில் உள்ளது செத்துவிடும் என்பது தூத்துக்குடியில் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். உள்ளே எங்கேயோ கொஞ்சம் உயிர் ஒட்டிக்கொண்டிருந்தாலும் அதையும் எடுத்தாயிற்று என்று நினைத்தேன். சட்னிக் கையோடு நின்று நான் பேசினேன். கத்தவில்லை. கத்தத் தெம்பில்லை.

"ஒம்பது வருசமா என் தலையில மூணு சொட்டு தெளிச்சுட்டு, குளிச்சாச்சுன்னு சொல்லிட்டுப் போறீங்க. நான் பொழச்சுக்கிட்டேன். இது பொழைக்காது மதினி."

நான் நிறுத்தவில்லை. இந்த ஊருக்கு வந்ததிலிருந்து சீசனில் அருவிப் பக்கம் என்னை ஒருத்தரும் கூப்பிட்டதில்லை என்றேன். சீசன் இல்லாத மாசத்தில் போனால் பாறைதான் இருக்கும், அதைத்தான் நான் பார்த்திருக்கிறேன் என்றேன். இந்த வீட்டில் எனக்கென்று இருந்தது இது ஒன்று, இதையும் உங்கள் வழக்கத்துக்குக் கொடுத்தாயிற்று என்றேன். சொல்லிமுடித்து அடுக்களைக்குப் போய் விட்ட இடத்திலிருந்து சட்னியை அரைத்தேன். வேறென்ன செய்ய, எல்லாரும் பசியோடு இருந்தார்கள்.

அதற்கப்புறம் மதினி என்னிடம் பேசவில்லை. அருவிக்கும் போகவில்லை. அவளே போகவில்லை என்றதும் மற்றவர்கள் சத்தமில்லாமல் போய்வந்தார்கள். யாரும் செம்பு எடுத்துக்கொண்டு போகவில்லை. எங்கள் வீட்டுக்காரர் மட்டும், அக்காவிடம் இப்படிப் பேசியிருக்க வேண்டாம் என்று மெதுவாகச் சொன்னார். நீங்கள் என்றைக்காவது பேசியிருந்தால் நான் பேசியிருக்க மாட்டேன் என்றேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு பாங்குக்குப் போனார்.

அந்த வாரக் கடைசியில் தம்பி வந்தான். நேரே தொட்டியிடம் போய் உட்கார்ந்து, கல்லைத் தண்ணீருக்குள்ளேயே தொட்டுப் பார்த்தான், மோந்து பார்த்தான். நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"சாகலைக்கா. செத்திருந்தா நாறியிருக்கும், பாசி படர்ந்திருக்கும். மேல கண்ணாடி மாதிரி தோல் அப்படியே இருக்கு பாரு. வெளுத்துத்தான் போயிருக்கு. பட்டினி கெடக்கு."

நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அவன் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்து முகத்தைச் சுளித்தான். பிறகு எழுந்து தெருமுனைக் காப்பிக்கடைக்குப் போய், பாலில் தண்ணீர் கலந்திருக்கிறார்களா என்று பார்க்கிற லாக்டோமீட்டரை இரவல் வாங்கிவந்தான். கேனில் இருந்த கடல் தண்ணீரில் அதை மிதக்கவிட்டு, நிற்கிற கோட்டை எனக்குக் காட்டினான். அப்புறம் தொட்டியில் விட்டான். அந்தக் கோட்டைத் தாண்டி மேலே ஏறி நின்றது. எதை ஊற்றிக்கொண்டு இருந்தாய் என்று கேட்டான். கடல் தண்ணீர்தான், வேறெதை ஊற்றுவேன் என்றேன். அவன் தலையில் கையை வைத்துக்கொண்டான்.

வெயிலில் தண்ணீர்தான் ஆவியாகப் போகும், உப்பு போகாது, அது தொட்டியிலேயே தங்கும் என்றான். அதன் தலையில் மறுபடியும் உப்புத் தண்ணீரையே ஊற்றினால் உப்பளத்துப் பாத்தி மாதிரி ஆகிவிடும். குறைந்ததற்கு நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். இது உனக்குத் தெரியாமலா இருக்கும், தூத்துக்குடிக்காரிதானே என்று நினைத்துச் சொல்லாமல் விட்டுவிட்டேன் என்றான். உப்பளத்தைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவள் நான். அதை வீட்டுத் தொட்டியோடு சேர்த்து நினைக்கத் தோன்றவில்லை. கடைசியாக நல்ல தண்ணீர் ஏதாவது விழுந்ததா, இந்த உப்புக்கு இது இதற்குள் செத்திருக்க வேண்டுமே என்று அவனே கேட்டான். நான் பதில் சொல்வதற்குள் கதவுக்குப் பின்னாலிருந்து மதினியின் குரல் வந்தது.

"நாந்தான் ஊத்துனேன். ரெண்டு செம்பு."

நல்ல காரியம் செய்தீர்கள் என்று தம்பி சொன்னான். மதினி கதவை விட்டு வெளியே வரவில்லை. நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை. தண்ணீர் விஷயத்தில் நான் சொன்னது தப்பு. மற்ற விஷயத்தில் சொன்னது ஒன்றுகூடத் தப்பில்லை. இரண்டையும் பிரித்து எப்படிப் பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை, அதனால் அவனுக்குச் சோறு போட எழுந்தேன்.

சாப்பிடும்போது அவன் சொல்லிக்கொண்டே சாப்பிட்டான். அந்த வெள்ளைக் கல்லுக்குச் சொந்த நிறம் கிடையாதாம். அதன் உடம்புக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்குமாம். தேன் நிறம் என்று நான் பார்த்தது அதைத்தானாம். அந்தப் பாசி வெயிலை வைத்துச் சமைக்கும், சமைத்ததில் முக்கால்வாசியை இடம் கொடுத்தவளுக்கே கொடுத்துவிடும். சூடோ உப்போ ஏறி வீடு தாங்காமல் போனால் உள்ளே இருந்தது வெளியேறிவிடும். வீடு வெளுத்துப் பட்டினி கிடக்கும். அதற்குள் பதத்தைச் சரிசெய்தால் திரும்பி வரும், இல்லையென்றால் நிஜமாகவே கல்தான். எங்கள் வீட்டுக்காரர் இலையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். மதினி எதிர்ச்சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அத்தனை நாளில் அப்போதுதான் என் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

"அப்ப குடியிருக்க வந்தது, வீட்டுக்காரிக்கு ஆக்கிப் போடுதா?"

"ஆமா மதினி," என்றேன். "கடலுக்குள்ளதான் அப்படி."

நான் தம்பிக்கு மோர் ஊற்றினேன்.

அவன் புறப்படும் முன் செய்ய வேண்டியதைச் சொன்னான். ஒரேயடியாக நல்ல தண்ணீரை ஊற்றக்கூடாது, அதுவும் கொன்றுவிடும். தொட்டியிலிருந்து காலையில் ஒரு செம்பு எடுத்துவிட்டு ஒரு செம்பு விட வேண்டும், லாக்டோமீட்டர் கடல் கோட்டுக்கு இறங்குகிற வரை. அருவித் தண்ணீர் மாதிரி தோதானது வேறில்லை, ஆனால் சோப்பு, எண்ணெய், சீயக்காய் எதுவும் கலக்காமல் பிடிக்க வேண்டும். சாரல் வெளிச்சம் அதற்கு நல்லதுதான், தேறுகிற உடம்புக்குச் சுட்டெரிக்கிற வெயில் ஆகாது. மொத்தமாக ஒரு கேன் பிடித்து வைத்துக்கொண்டால் ஒரு வாரத்துக்குக் காணும் என்றும் சொன்னான். அருவித் தண்ணீரைப் பற்றித் தன்னிடம் ஒருத்தன் சொல்வதா என்று மதினி அப்போது கோபப்பட்டாள். பிடித்து வைத்த தண்ணீரில் வீரியம் இருக்காது, அன்றன்றைக்கு எடுத்தால்தான் உண்டு என்றாள். தம்பி என்னைப் பார்த்தான். நான் அவன் பையை எடுத்துக் கையில் கொடுத்தேன்.

மறுநாள் விடியக் கருக்கலில் நான் அடுக்களைக்குப் போனபோது அங்கே அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. மதினி சேலையை வரிந்து கட்டிக்கொண்டு இட்லித்தட்டில் துணி போட்டுக்கொண்டிருந்தாள். கேனை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

"நீயே போ. வேற யாரையும் அனுப்புனா சோப்புத் தண்ணியப் புடிச்சுட்டு வந்து நிப்பாங்க. அடுப்ப நான் பாக்குதேன்."

பஸ்ஸில் எனக்கு உட்கார இடம் கிடைத்தது. கையில் கேனைத் தவிர ஒன்றும் இல்லை, மாற்றுச்சேலைகூட எடுக்கவில்லை. பெரிய அருவியில் பெண்கள் பக்கம் கூட்டம் இன்னும் சேரவில்லை. ஓரமாகப் பாறையிலிருந்து தனியாக வழிகிற இடத்தில் கேனைப் பிடித்து நிரப்பி மூடினேன். வந்த வேலை முடிந்தது. திரும்பியிருக்கலாம். கேனைப் பாறையிடுக்கில் வைத்துவிட்டுக் கட்டின சேலையோடு அருவிக்குள் போனேன்.

முதல் அடியில் மூச்சு நின்றது. அப்புறம் தோளில், முதுகில், இடுப்பில் தண்ணீர் சாத்தியது. மாவாட்டி மாவாட்டி மரத்துப்போன இடமெல்லாம் ஒவ்வொன்றாக வலித்து, வலி விட்டது. நான் அழுதேன். சந்தோஷமா என்றால் அதெல்லாம் இல்லை. அலுப்பு. அவ்வளவு அலுப்பு எனக்குள் இருந்தது என்பதை அந்த இடத்தில்தான் கண்டுகொண்டேன். அருவியில் அழுதால் ஒரு வசதி, பக்கத்தில் நிற்பவளுக்கும் தெரியாது. என்னை யாரும் கூப்பிடவில்லை. என்னிடம் கேட்க யாருக்கும் ஒன்றும் இல்லை.

ஈரம் சொட்டச் சொட்ட வீட்டுக்கு வந்தபோது மதினி என்னை மேலும் கீழும் பார்த்தாள். தெளிப்பதற்கு என் தலையில் இடம் இல்லை. சாம்பாரில் உப்பைக் கொட்டியிருந்தாள், மெட்ராஸில் அவளுக்குச் சமைக்க ஆள் உண்டு. சாப்பிட்டவர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். பிடிக்காதவர்கள் ஓட்டலுக்குப் போகலாம் என்றாள். ஒருவரும் போகவில்லை. ஆனால் அடுத்த வாரத்துக்குள் கூட்டம் பாதியாகக் குறைந்துவிட்டது.

கல் அவசரப்படவில்லை. தினமும் நான்தான் அருவிக்குப் போனேன். வந்து ஒரு செம்பு எடுத்து, ஒரு செம்பு விட்டு, லாக்டோமீட்டரை மிதக்கவிட்டுக் கண்ணைத் தொட்டி மட்டத்துக்கு இறக்கிப் பார்ப்பேன். ஒரு நாள் இறங்கினாற்போல் இருக்கும், மறுநாள் இறங்கவே இல்லை போல் இருக்கும். காப்பிக்கடைக்காரர் அவரது லாக்டோமீட்டரைக் கேட்டு ஆள் அனுப்பினார். எங்கள் வீட்டுக்காரர் புதிதாக ஒன்று வாங்கிவந்து அவரிடம் கொடுத்துவிட்டு வந்தார். அந்த மனுஷர் என்னிடம் மன்னிப்புக் கேட்டது அப்படித்தான். நான் தொட்டி முன்னால் உட்கார்ந்து அந்த வெள்ளையையே பார்த்துக்கொண்டிருப்பேன். நம்பிக்கை என்று பெரிதாக எதுவும் இருந்ததாக ஞாபகமில்லை. செய்ய வேண்டியதைச் செய்தேன், அவ்வளவுதான்.

ஆடி பிறந்து கொஞ்ச நாளில் ஒரு பள்ளத்தின் அடியில் மட்டும் அழுக்கு மாதிரி ஏதோ தெரிந்தது. பாசி பிடித்துவிட்டது, முடிந்தது கதை என்று நினைத்தேன். மூக்கை வைத்து மோந்தேன். நாற்றமில்லை. அடுத்த வாரம் பக்கத்துப் பள்ளத்திலும் வந்தது. தவிட்டு நிறம், அப்புறம் புளி நிறம், அப்புறம் மெதுவாக மேட்டில் ஏறியது. ஒரு சாயங்காலம் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தேன். நூல் மாதிரி ஒரு விரல் நீட்டியது. நான் மதினி என்று கூப்பிட்டேன். சண்டைக்குப் பிறகு நானாக அவளைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. ஈரக்கையோடு வந்து பக்கத்தில் குந்தினாள். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஆடி முடியுமுன் தம்பி மறுபடி வந்துபார்த்தான். உப்பு சரியாக நின்றுவிட்டது, இனிமேல் இது பிழைத்துக்கொள்ளும் என்றான். பின்கட்டில் கை கழுவும்போது இன்னொன்றும் சொன்னான். இனிமேல் தினமும் தண்ணீர் விட வேண்டியதில்லை, வாரத்துக்கு ஒரு செம்பு குறைந்ததற்கு விட்டால் போதும், நீ அலைய வேண்டாம் அக்கா. பக்கத்தில் யாரும் இல்லை. சரி என்றேன். வீட்டில் நான் அதை யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாளும் கேனை எடுத்துக்கொண்டு போனேன். அதற்கு மறுநாளும் போனேன். குளித்தேன், தண்ணீர் பிடித்தேன், வந்தேன். பிடித்துவந்த தண்ணீரைக் கொல்லைக்குக் கொண்டுபோய் முருங்கை மரத்துக்கு ஊற்றினேன். அப்படி ஊற்றிவிட்டு ஒரு நாள் நிமிர்ந்தபோது மதினி கொல்லை வாசல்படியில் நின்றிருந்தாள். கையில் தோசைக்கரண்டி. எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. காலிக் கேனையும் மரத்தடி ஈரத்தையும் பார்த்தாள். தோசை கருகுது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

எனக்கு அன்று முழுவதும் வேலை ஓடவில்லை. கல்லு பிழைத்துவிட்டது, என் குளியல் போயிற்று என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் காலை நானாகவே அடுக்களைக்குப் போய் அடுப்பு முன்னால் உட்காரப் போனேன். மதினி எனக்கு முன்னே அங்கே இருந்தாள். கேன் கழுவித் துடைத்து நடையில் தயாராக இருந்தது. மேலே ஒரு மாற்றுச்சேலையை மடித்து வைத்திருந்தாள்.

"ஏட்டி, பஸ் போயிரும். கல்லுக்குத் தண்ணி வேண்டாமா?"

போனேன். வெகுநேரம் நின்று குளித்தேன். வரும்போது கேனை நிரப்பவில்லை. வாசலில் மதினி கை நீட்டி அதை வாங்கினாள். கனமில்லை என்று அவள் கைக்குத் தெரிந்திருக்கும். அதை ஆணியில் மாட்டிவிட்டு, "இட்லி ஆறுது, உக்காரு" என்று இலையைப் போட்டாள்.